சாவிக்கு ஓர் ஆள்

எட்மன்டன்
22 செப்டம்பர் 1991

அன்புள்ள மோராக் அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீயும் குட்டி பெக்கியும் எப்படி இருக்கிறீர்கள்? மீன் தொழிற்சாலையில் ஐஸ் தண்ணீரில் கைவைத்து உன் விரல்கள் மறுபடியும் வீங்கிவிடவில்லையே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. போன செவ்வாய்க்கிழமை நான் ஆய்வுக்கூடத்தில் கோதுமை மாதிரிகளோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். என் ரேடியோவும் பேராசிரியர் ஹோலோவ்கோவின் சுவர்க் கடிகாரமும் போய்விட்டன. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போலீஸ்காரர் வந்தார். முன்கதவைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார், பின்கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பேராசிரியர் இன்னும் இரண்டு வருடம் உக்ரைனில்தான் இருப்பார். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதானே இவ்வளவு குறைந்த வாடகைக்கு விட்டிருக்கிறார்? அவருக்குப் போன் செய்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தந்தி அடித்தேன். அவர் கோபப்படவில்லை. வீட்டுக்கு அலாரம் வைக்கச் சொல்கிறார். கடையில் வாங்கி மாட்டுவது இல்லை. ஒரு கம்பெனி பொருத்தி, அதுவே வருடா வருடம் வந்து சோதித்துப் பராமரிக்கிற அலாரம். காப்பீட்டுக்காரர்கள் அப்படித்தான் கேட்கிறார்களாம். செலவு அவருடையது, தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அது வரும்வரை ஓர் இரவுகூட வீட்டைக் காலியாக விடக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார்.

நான் எங்கே போகப்போகிறேன்!

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். பெக்கிக்கு முத்தங்கள்.

உன் தங்கை,
ஃபுளோரா


கிளேஸ் பே
4 அக்டோபர் 1991

அன்புத் தங்கை ஃபுளோராவுக்கு,

கடிதம் கிடைத்தது. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மூன்றாவது வரியில் எழுதியிருக்கிறாய். அதை முதல் வரியில் எழுத உனக்குக் கல்லூரியில் சொல்லித்தரவில்லையா? இங்கே நானும் பெக்கியும் நலம். விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன.

பின்கதவைப் பூட்டாமல் போயிருந்தாய், இல்லையா? போலீஸ்காரன் உன்னை ஏன் பார்த்தான் என்று எனக்கா தெரியாது. நம் தெருவில் கதவைப் பூட்டினால் அக்கம்பக்கத்தார் மூஞ்சியில் அடித்த மாதிரி. ஆனால் நீ இப்போது இருப்பது நம் தெருவா? உன் சமையலறைக்குள் யார் டீ குடிக்க வரப்போகிறார்கள் என்று திறந்து போட்டிருந்தாய்?

இதைப் படித்துக் காட்டியதும் பக்கத்து வீட்டு டோலீனா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வழக்கம்போல் தட்டாமல் உள்ளே வந்து, கெட்டிலைத் தானே அடுப்பில் வைத்து, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, இந்த அலாரம் கிலாரம் எல்லாம் எதுக்கு? என்னைக் கூட்டிட்டுப் போயி வாசல்ல உக்கார வைக்கச் சொல்லு. எந்தத் திருடன் வர்றான்னு பாத்துடலாம்" என்றாள். பிறகு, "உம் புருஷன்கிட்டேருந்து ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். வாரத்தில் ஏழு நாளும் வேலை, எழுத நேரம் எங்கே என்றேன். கட்டட வேலை அப்படித்தான். சுரங்கம் மூடியபோது எல்லாரும் கை கட்டி உட்கார்ந்திருக்க, அவர் மட்டும்தான் உடனே மேற்கே கிளம்பினார். அதையும் சொன்னேன்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு உன் அத்தானை ஒரு தடவையாவது போய்ப் பார்த்தாயா? உன் கூச்சத்தைக் கொண்டுபோய் ஆற்றில் போடு.

பட்டம் வாங்கியபோது போட்டுவிட்ட கல்லூரி மோதிரம் பத்திரமாக இருக்கிறதா? அதைப் பற்றி எழுதவில்லையே.

அன்புடன்,
மோராக்


எட்மன்டன்
20 அக்டோபர் 1991

அன்புள்ள அக்கா,

உன் திட்டுகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. உடம்புக்கு ஒரு குறையுமில்லை. முதல் பனி விழுந்தது, தரையில் தங்கவில்லை.

அலாரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். மூன்று இடங்களில் விசாரித்தேன். முதல் ஆள் பெரிய கம்பெனியின் விற்பனைக்காரர். ஷூவைக் கழற்றாமல் வீடெல்லாம் சுற்றிவிட்டு, "எங்க ஸ்டிக்கரைப் பாத்தாலே திருடன் அடுத்த தெருவுக்குப் போயிடுவான் மேடம்" என்று சொல்லி ஒரு காலண்டர் கொடுத்தார். ஏதாவது பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். டொரன்டோவில் ஒரு நம்பர் இருக்கிறதாம். இரண்டாவது, ஹார்டுவேர் கடையில் பெட்டியில் வைத்து விற்பது. நாமே ஜன்னலில் திருகிக்கொள்ளலாம்; மணி மட்டும் அடிக்கும். பேராசிரியர் வேண்டாம் என்றது அதைத்தான். எனக்கும் வேண்டாம். ஆகஸ்டில் பின் சந்துக்கு அந்தப் பக்கம் உள்ள நீல வீட்டில் அப்படி ஒரு மணி மதியத்திலிருந்து சாயங்காலம்வரை அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நானும் போகவில்லை.

மூன்றாவது ஆள் ஓரெஸ்ட். இங்கேயே நூற்றுப் பதினெட்டாவது அவென்யூவில், பேக்கரிக்கு மேல்மாடியில் சின்னக் கம்பெனி. அவரும் அவர் மச்சினியும் இன்னும் இரண்டு பேரும். வாசலிலேயே ஷூவைக் கழற்றினார், சாக்ஸில் ஓட்டை. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் அவரே வந்து ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிச் சோதிப்பாராம், பாட்டரி மாற்றுவாராம். மாதத்துக்கு ஒரு முறை அவர் மச்சினி போன் செய்து, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்பாராம். அவரிடமே வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்துவிட்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். அவர் காகிதத்தை எடுத்து, "சாவி ஆள் யாரு?" என்றார். எனக்குப் புரியவில்லை.

"அலாரம் அடிச்சா எங்களுக்குத் தெரியும். நாங்க போலீஸைக் கூப்பிடுவோம். போலீஸ் வந்து வாசல்ல நிக்கும். உள்ள போயிப் பாக்க, கதவைச் சாத்த ஒருத்தர் வேணுமில்ல? பக்கத்துல இருக்கணும், சாவி வச்சிருக்கணும், கூப்பிட்டா வரணும்."

"என்னையே கூப்பிடுங்களேன்."

"நீங்க வேலைக்குப் போனப்புறம்தான் திருடன் வருவான். அவனுக்கும் அதுதான் ஆபீஸ் டைம்."

நான் சிரித்தேன். அவர் பேனாவோடு காத்திருந்தார். "ஒரு பேரு போதும்மா. அவசரமில்ல, யோசிச்சு சொல்லுங்க. ஆனா அது இல்லாம நான் ஒயரை இழுக்க முடியாது. அப்படி இழுத்தா ஊரைத் தொந்தரவு பண்ற ஒரு சத்தத்தை மாட்டிட்டுப் போனவனாயிடுவேன்" என்றார்.

நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரைச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

பெக்கியின் பல் விழுந்ததா? ரோரி அத்தானைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

உன்,
ஃபுளோரா


கிளேஸ் பே
31 அக்டோபர் 1991

ஃபுளோரா,

நாங்கள் சுகம். பெக்கிக்கு இரண்டு பல் விழுந்து, இப்போது கிழவி மாதிரி சிரிக்கிறாள்.

நிறையப் பேரா? பேர் சொல்லு பார்க்கலாம். ஏழாம் வகுப்பில் உனக்குத் தோழிகள் யார் என்று அம்மா கேட்டபோதும் இதையேதான் சொன்னாய். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம், வந்தது நானும் பூனையும். அந்த ஊருக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயராவது தெரியுமா?

ஓட்ஸ் ரொட்டி செய். வெண்ணெயைக் குறைக்காதே. ஒரு தட்டில் வைத்து, துணி போட்டு மூடி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. "நான் இந்த வீட்டுப் பெண்" என்று சொல். அவ்வளவுதான். உலகத்தில் யாரும் ரொட்டி கொண்டுவந்தவளைக் கடித்ததில்லை.

அதற்கும் உன்னால் முடியாது என்றால் உன் அத்தான் இருக்கிறாரே! சொந்தக்காரரை வைத்துக்கொண்டு ஊரில் சாவிக்கு ஆள் தேடுவார்களா? கடைசியாக அவர் கொடுத்த நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் கேட்டதாகச் சொல். இல்லை, ஒன்றும் சொல்ல வேண்டாம். நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் பார்த்து எழுது.

மோதிரத்தைப் பற்றி இந்தத் தடவையும் எழுதவில்லை. சரி, புரிந்தது. போனால் போகட்டும். உன் பட்டத்தை எந்தத் திருடனும் எடுத்துக்கொண்டு போகவில்லையே.

மோராக்


எட்மன்டன்
17 நவம்பர் 1991

அன்புள்ள மோராக் அக்காவுக்கு,

இங்கே நலம். பனி இப்போது தரையில் தங்கிவிட்டது, ஏப்ரல்வரை கரையாது.

ஓட்ஸ் ரொட்டி செய்தேன். நன்றாக வந்தது. துணி போட்டு மூடினேன். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் நடைபாதையில் பனி வாருகிறவர். தன் பங்கை வாரிவிட்டு என் பக்கத்திலும் கொஞ்ச தூரம் வாரிவிட்டுப் போவார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. அவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று போனேன். அவர் வீட்டுப் படி வரைக்கும் போனேன். உள்ளே டிவியில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தனியாகக் கத்திக்கொண்டிருந்தார். நல்ல நேரமில்லை என்று திரும்பிவிட்டேன். ரொட்டி எனக்கு வியாழக்கிழமை வரை வந்தது.

பிறகு அத்தானுக்குப் போன் செய்தேன். அவரே எடுத்தார். நான் யாரென்று இரண்டு தடவை சொன்னேன். பிறகு, "அடடே, நம்ம பண்டிதையா! என்ன, கோதுமையெல்லாம் ஒழுங்கா எண்ணுறியா?" என்று பழையபடி பேசினார். சனிக்கிழமை வந்தார். உட்காரவில்லை. சமையலறையில் நின்றபடியே ஃப்ரிட்ஜில் நான் ஒட்டியிருக்கும் உங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்தார். பெக்கி எவ்வளவு உயரம் என்று கேட்டார். நான் கையால் காட்டினேன். டீ வேண்டாம் என்றார். சாவியை வாங்கிக்கொண்டார். "எதுன்னாலும் கூப்பிடச் சொல்லு, நான் இருக்கேன்ல" என்றார்.

நன்றாகத்தான் இருக்கிறார். இளைக்கவில்லை. பேன்ட் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தார்.

ஓரெஸ்ட் மறுநாளே வந்து ஒயரை இழுத்துவிட்டார். இப்போது முன்கதவுக்குப் பக்கத்தில் எண்கள் உள்ள சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. வெளியே போகும்போது எண்களை அழுத்தினால் கீச்சு கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே நான் போகும்வரை காத்திருக்கும். வழியனுப்புவது போல.

ஆய்வுக்கூடத்தில் கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் கிறிஸ்துமஸுக்கு எனக்கு விடுமுறை இல்லை. ஜூலையில் இரண்டு வாரம் தருவார்கள். கிறிஸ்துமஸுக்கு அத்தானாவது வருவார்தானே?

உன்,
ஃபுளோரா


கிளேஸ் பே
9 டிசம்பர் 1991

அன்புத் தங்கைக்கு,

நலம். பெக்கிக்குக் கொஞ்சம் சளி.

அவர் தங்கியிருக்கும் விடுதியில் வீட்டுக்காரி நல்லவளாக இருக்க வேண்டும். சில இடங்களில் துணி துவைத்து இஸ்திரி போட்டே கொடுப்பார்களாம். டோலீனாவின் தம்பி இருந்த இடத்திலும் அப்படித்தான். உன் அத்தானுக்கு இஸ்திரிப் பெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. எனக்கும் அந்த வேலைக்கு எங்கே நேரம் இருந்தது? கடையில் கொடுத்தும் வாங்கியிருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு வருவார். பழக் கேக் செய்து ரம்மில் நனைத்து வைத்துவிட்டேன். பெக்கி தினமும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மயங்கி விழுவது போல் நடிக்கிறாள்.

உன் அலாரம் நன்றாக வேலை செய்யட்டும்.

மோராக்


எட்மன்டன்
12 ஜனவரி 1992

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு உங்களுக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சாக்ஸும் கேக் துண்டும் வந்தன. கேக்கை ஒரே நாளில் தின்றுவிடக்கூடாது என்று ஒளித்துவைத்தேன். ஒளித்துவைத்தவளும் நான், கண்டுபிடித்தவளும் நான்.

கிறிஸ்துமஸ் அன்று யாரோ போனில் கூப்பிட்டார்கள். ஓடிப்போய் எடுத்தேன். ஓரெஸ்டின் மச்சினி. மாதாந்தரச் சோதனை. "எல்லாம் சரியா வேலை செய்யுதாம்மா?" என்று கேட்டார். செய்கிறது என்றேன். அவர்கள் உக்ரைன் வழிவந்தவர்கள், அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரியில்தானாம். அதனால் அன்று வேலை. பன்னிரண்டு வகைப் பண்டம் செய்ய வேண்டும் என்று அலுத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக எப்படிச் செய்வது என்று கேட்டேன். அவரும் சொன்னார். நான் எதையும் செய்யப்போவதில்லை.

அத்தான் வந்தாரா? எத்தனை நாள் இருந்தார்? பெக்கி என்ன சொன்னாள்? எல்லாவற்றையும் எழுது.

உன்,
ஃபுளோரா


எட்மன்டன்
23 பிப்ரவரி 1992

அன்புள்ள மோராக் அக்கா,

என் ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நீங்கள் நலம்தானே?

இங்கே கடும் குளிர். வெளியே மூச்சு விட்டால் கண் இமையில் பனி படிகிறது. எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்கக் கார்களை ராத்திரியெல்லாம் மின்சாரத்தில் சொருகி வைக்கிறார்கள். அடுத்த வாரம் குறையும் என்கிறார்கள். வேலை நன்றாகப் போகிறது.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

ஃபுளோரா


கிளேஸ் பே
8 மார்ச் 1992

ஃபுளோரா,

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொன்னால். ரேடியோவில் மீனவர்களுக்கு வாசிக்கும் வானிலை அறிக்கையில்கூட இதைவிட அதிகம் விஷயம் இருக்கும்.

நான் எழுதாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. தொழிற்சாலையில் ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபடுகிறது, அந்த அலைச்சல். அவர் வரவில்லை. பனிப்புயலில் விமானம் ரத்தாகிவிட்டது. பெக்கிக்குப் பெரிய பொம்மை அனுப்பியிருந்தார். கண் திறந்து மூடும். தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

இப்போது நீ சொல். என்ன நடந்தது? நீ எதையாவது மறைக்கும்போது குளிரைப் பற்றி எழுதுவாய். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ எனக்கு எழுதிய கடிதமும் இப்படித்தான் இருந்தது.

மோராக்


எட்மன்டன்
22 மார்ச் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ உட்கார்ந்து படி. பெக்கி பள்ளிக்கூடம் போன பிறகு படி.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி மாதிரி எடுப்பதற்காக வெக்ரவில் என்ற ஊரில் உள்ள தானியக் கிடங்குகளுக்குப் போயிருந்தேன். எனக்குப் போன் வரமுடியாத இடம். காலையில் அவசரத்தில் பின்கதவைச் சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. நிலையில் பனிக்கட்டி பிடித்திருந்ததால் தாழ் விழவில்லை. மதியம் காற்றில் கதவு திறந்துகொண்டது. அலாரம் அடித்தது. ஓரெஸ்டின் ஆட்கள் சாவி ஆளின் நம்பரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. சமையலறையில் விளக்கு எரிந்தது. ஒரு பெண் கோட்டைக் கழற்றாமல், நாற்காலியைப் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து, "தாழ் விழல. ஐஸைச் சுரண்டிப் பாத்தேன், வரல. விட்டுட்டுப் போனா தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சிரும். அதான் இருந்தேன்" என்றாள்.

நீங்கள் யார் என்று கேட்டேன்.

"போன் வந்துச்சு. அவரு இல்லன்னு சொன்னேன். சாவி ஆணியில தொங்குச்சு. மைனஸ் முப்பது டிகிரி குளிர்ல கதவு திறந்து கிடக்குன்னாங்க. என்ன பண்றது? பஸ் பிடிச்சு வந்துட்டேன்."

அத்தான் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். நவம்பர் கடைசியில் வடக்கே எண்ணெய் வேலை என்று போனவர் ஒரு வார்த்தைகூட அனுப்பவில்லையாம். அதற்கு முன்னால் ஒன்றேகால் வருடம் அவள் வீட்டில் இருந்திருக்கிறார். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். பெயர் லொரெய்ன்.

பிறகு ஃப்ரிட்ஜ் பக்கம் தலையை ஆட்டி, "மத்தியானத்திலேருந்து இதையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். இது யாரு?" என்று கேட்டாள்.

"என் அக்கா" என்றேன்.

"நீ அவரோட சிநேகிதன் தங்கச்சின்னுல்ல சொன்னாரு."

அவள் கோட்டின் கடைசிப் பொத்தானையும் போட்டாள். "பொண்ணு ஒண்ணு இருக்கா?" என்றாள். ஏழு வயதில் இருக்கிறாள் என்றேன். சாவியை மேஜைமேல் வைத்தாள்; சத்தம் வராமல் வைத்தாள். டீ போடட்டுமா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. மதியத்திலிருந்து என் வீட்டைக் காத்தவள்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். "குழாய் ஒண்ணும் உறையலியே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

அந்த இஸ்திரி மடிப்பை அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டு உனக்கும் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இப்போதும் தெரியவில்லை. நீ விடுதி வீட்டுக்காரி என்று பதில் எழுதியபோது நானும் அதையே நம்ப முயன்றேன்.

போன வாரம் வசந்தகாலச் சோதனைக்கு ஓரெஸ்ட் வந்தார். தாழை மாற்றினார், பாட்டரி மாற்றினார், காகிதத்தை எடுத்தார். "அந்த நம்பர்ல அந்த ஆள் இல்லன்னு மச்சினி சொன்னா. புதுப் பேரு ஒண்ணு குடுங்கம்மா. மே மாசக் கடைசி வரைக்கும் தள்ளிப் போடறேன். அதுக்கு மேல முடியாது, காப்பீட்டுக்காரன் என் கழுத்தைப் பிடிப்பான்" என்றார். பெயர் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து. அப்படியானால் நான் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். இல்லையென்றால் ஓர் இரவுகூட வெளியே தங்காமல் இங்கேயே கிடக்க வேண்டும். ஜூலையில் உன்னிடம் வரவும் முடியாது.

இந்த ஊரில் எனக்குக் கூப்பிட ஆள் இல்லை. உனக்குத் தெரியும். இருந்தும் நிறையப் பேர் என்று எழுதினேன்.

கூப்பிட்டபோது வந்தவள் ஒருத்திதான். அவளைக் கேட்டால் சரி என்பாள் என்று நினைக்கிறேன். ஆனால் உன்னைக் கேட்காமல் அவளைக் கேட்க மாட்டேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

உன்,
ஃபுளோரா


கிளேஸ் பே
6 மே 1992

ஃபுளோரா,

பெக்கியும் நானும் இருக்கிறோம்.

ஆறு வாரம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். நீ தினமும் தபால்பெட்டியைப் பார்த்திருப்பாய் என்று தெரியும். தெரிந்தும் எழுத முடியவில்லை.

நீ சொன்னது எனக்குப் புதிதில்லை. பெயர்தான் புதிது. அவர் கடைசியாக எழுதியது போன ஆகஸ்டில். விமானம் எதுவும் ரத்தாகவில்லை. பொம்மை நான் வாங்கியது; அதை நானே பார்சல் செய்து, தபாலாபீஸில் வேலை செய்யும் பெண்ணிடம் கெஞ்சி முத்திரை குத்தி வாங்கினேன். உன்னை அவரிடம் போகச் சொன்னது சாவிக்காக மட்டும் இல்லை. நீ எதையும் கேட்க மாட்டாய், ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பாய். அதனால்தான். இஸ்திரி மடிப்பு வந்த கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சமையலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வாங்கி மாட்டினேன். திருடனுக்குப் பயந்து இல்லை. டோலீனா தள்ளிப் பார்த்தாள், திறக்கவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். நான் இந்தப் பக்கம் மூச்சுக் காட்டாமல் நின்றேன். அவள் கெட்டவள் இல்லை. உள்ளே வந்தால், அவர் எப்போது வருகிறார் என்று கேட்பாள். என்னிடம் இருந்த பதில்கள் தீர்ந்துவிட்டன. இப்போது ஒருவரும் வருவதில்லை. எனக்குக் காசநோய் என்றுகூட யாரோ சொல்கிறார்களாம்.

அந்தப் பெண் விஷயம். மூன்று வாரம் அவளை நினைத்து நினைத்து வெறுத்தேன். மீன் வெட்டும்போதெல்லாம் வெறுத்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் பஸ்ஸில் உட்கார்ந்து வருவதுதான் கண்ணில் வந்து நிற்கிறது. யாரோ ஒருத்தியின் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது என்று. அவர் வந்திருக்க மாட்டார், ஃபுளோரா. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார்.

அவளைக் கேள். அவள் பெயரை ஓரெஸ்டிடம் சொல். எனக்கு எழுதும் கடிதங்களில் மட்டும் அந்தப் பெயர் இனி வர வேண்டாம். அதைத் தாங்குகிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மோராக்


எட்மன்டன்
24 மே 1992

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஓரெஸ்ட் காகிதத்தில் பெயரை எழுதிக்கொண்டு நம்பரைச் சரிபார்த்தார். ஒரு சோதனைக்காக அலாரத்தை அடிக்கவிட்டு, கூப்பிட்டுப் பார்த்தார்கள். சாவி ஆள் வந்தார். நான் டீ போட்டேன். கோட்டைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். அதற்கு முன்பே படத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து என் அறையில் வைத்துவிட்டேன். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜூலை நான்காம் தேதி நம் பக்கத்து ஊரான சிட்னியில் வந்து இறங்குகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இரண்டு வாரம் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று பேராசிரியருக்கும் எழுதிவிட்டேன்.

நான் வந்ததும் நீ தாழ்ப்பாளைத் திறந்து வை. டோலீனா உள்ளே வரட்டும், கெட்டிலை வைக்கட்டும், உன் நாற்காலியில் உட்காரட்டும். அவள் கேட்பாள். அப்போது நீ பெக்கியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடு. தெருவில் ஒவ்வொருவரும் வந்து கேட்பார்கள், வரட்டும். ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டத் தெரியாதவள் என்ன செய்வாள் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வருகிறது.

"அவர் இனிமே வரமாட்டார்" என்று நானே சொல்லிவிடுகிறேன், அக்கா. நீ அங்கே இருக்க வேண்டாம்.

உன் தங்கை,
ஃபுளோரா